மீதி நாற்பத்தாறு மாத்திரை

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று காலை எட்டே முக்கால் மணிக்கு மருந்துக்கடையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் மருந்தாளர் மிஸ் ஆர்லின்; கல்லாவில் முதலாளி சார் கில்டோ; வரிசையில் எனக்கு முன்னால் ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் பிட்யோங் அண்ணன், ஊர் வழக்கில் மனோங் பிட்யோங்; அடுத்து நான், ஊருக்கு அக்கா, அதாவது மனாங்; எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், பெயர் தெரியாது, மீன் சந்தைப் பக்கம் பார்த்திருக்கிறேன். வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது "அப்படி நடக்கவே இல்லை" என்றால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன். அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

மகள் ஜெசரிலின் வலிப்பு மாத்திரை இந்த வாரத்துக்குப் பதினாலு வாங்கப் போனேன். போன மாதம்வரை டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். இப்போது இலோயிலோ நகரத்தில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்து, போனுக்கே சீட்டு அனுப்புகிறார். கட்டம் கட்டமாக ஒரு சதுரம், அதைக் கடையில் காட்ட வேண்டும். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் மிச்சம் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மிஸ் ஆர்லின் சதுரத்தைப் படமெடுத்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மனாங், இது முடிஞ்சுபோச்சே."

"எது முடிஞ்சுது?"

"உங்க சீட்டு. அறுபதும் வாங்கிட்டதா காட்டுது. போன மாசம் இருபத்தாறாம் தேதியே."

"பதினாலுதானே வாங்கினேன்? உன் கையாலதானே எண்ணிக் குடுத்தே?"

"எனக்குத் தெரியும் மனாங். மெஷினுக்குத் தெரியல."

மனோங் பிட்யோங் சிரித்தார். "மெஷின் கண்ணுக்கு நாமெல்லாம் பணக்காரங்க, மினியாங். ஒரு மாச மாத்திரைய நான் ஒரே நாள்ல வாங்கிட்டேனாம். மீதிய என் பேயா வந்து வாங்கிட்டுப் போச்சு?"

கில்டோ கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சீட்டு முடிஞ்சா முடிஞ்சதுதான் மனோங். வரிசைய மறிக்காதீங்க."

வரிசையில் மொத்தமே மூன்று பேர்!

இந்த ஊரில் ஒரு மாத மருந்தை ஒரே நாளில் வாங்குகிற வீட்டை எனக்குக் காட்டட்டும். என் கணவர் நெமெசியோ ட்ரைசைக்கிள் ஓட்டிக் கொண்டுவருவது அன்றன்றைக்குத்தான். வினிகர், ஷாம்பு, பூண்டு எல்லாம் சில்லறையாகத்தான் வாங்குகிறோம், மாத்திரையும் அப்படித்தான். காகிதச் சீட்டு இருந்த காலத்தில் மருந்தாளர் அதன் மேலேயே எழுதுவார்: தேதி, கொடுத்தது இத்தனை, மீதி இத்தனை, கையெழுத்து. அந்த ஓரம் நிரம்பும்போது மாதம் முடியும். ஒன்பது வருடமாக ஒரு மாத்திரைகூடக் கணக்கு தப்பவில்லை.

வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டுத் தகர டப்பாவில் புயல் பங்கு இருக்கிறது: இருபது மாத்திரை. மழைக்காலத்தில் சாலை அறுந்தால் என்று நான் எப்போதும் வைத்திருப்பது. பழையது போகப் புதியது வைத்து மாற்றிக்கொண்டே இருப்பேன். வெயில் அடித்துக்கொண்டிருக்கிற நாளில் அதை நாளை முதல் தொட வேண்டியதாகிவிட்டது. காலை ஒன்று, இரவு ஒன்று. பத்து நாள்.

அக்டோபர் 4, புதன்

டாக்டரின் செயலாளருக்குப் போன் போட்டேன். ஏழு தடவை. எட்டாவதில் எடுத்தாள். டாக்டர் மாநாட்டுக்காக வெளிநாட்டில், இருபதாம் தேதிதான் வருவார். "புதுச் சீட்டு ஒண்ணு போட முடியாதா, மேடம்?" என்றேன். "அறுபது வாங்கிட்டீங்கன்னு இருக்கே. முப்பது நாள் முடியாம அடுத்ததைப் போட விடாது" என்றாள்.

விடாது, விடாது. யார் விடமாட்டேன் என்கிறார்கள்? பெயர் இருந்தால் சொல்லட்டும், நேரில் போய்க் கேட்கிறேன்.

மதியம் பக்கத்து ஊர்க் கடைக்கும் போனேன். சதுரத்தைக் காட்டினால் அங்கேயும் அதே பதில். "சீட்டு இல்லாம குடுத்தா எங்க உரிமம் போயிடும் மனாங்" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம், கோபமில்லை.

டப்பாவில் பதினெட்டு.

அக்டோபர் 5, வியாழன்

காசு போட்டால் ஓடும் கணினிக் கடையில் மருந்தாளர் சட்டத்தை அச்செடுத்து வாங்கி வந்தேன். அதன் விதிகளையும் சேர்த்து. எல்லாம் ஆங்கிலம். நான் பள்ளிக்கூடம் போனது ஆறாம் வகுப்புவரை. மிச்சத்தை அகராதி சொல்லிக் கொடுத்தது. சோறு கொதிக்கும்போது ஒரு பக்கம், துணி காயும்போது ஒரு பக்கம் என்று படித்தேன்.

இருக்கிறது! கறுப்பு மையில் இருக்கிறது. சீட்டில் எழுதியதைவிடக் குறைவாக வாங்கலாம், அதற்கு அனுமதி உண்டு. அப்படிப் பகுதியாகக் கொடுத்தால், கொடுத்த தேதி, ரசீது எண், கொடுத்தது எத்தனை, மீதி எத்தனை, கடையின் பெயர் எல்லாவற்றையும் சீட்டின் முகப்பிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். யார்? வாங்குகிறவள் இல்லை, மெஷினும் இல்லை. மருந்தாளர். அவருடைய பொறுப்பு என்று நேராகவே போட்டிருக்கிறது.

அப்படியானால் சட்டத்துக்குச் சில்லறையாக வாங்குகிறவர்களைத் தெரிந்திருக்கிறது. எழுதினவர்கள் நம்மை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். மெஷினைச் செய்தவர்களுக்குத்தான் நம்மைத் தெரியவில்லை. அதில் "வழங்கியாயிற்று" என்று ஒரே ஒரு பொத்தான். பதினாலுக்கு அதில் இடமில்லை.

நாளைக்கு இதைக் கொண்டுபோய் அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டப் போகிறேன்.

(பிறகு எழுதுவது)

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும். கோடு போட்ட நோட்டில் மற்றவர்கள் தப்பை மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை.

இருபத்தாறாம் தேதி பணம் கொடுக்கும்போது கில்டோ, "போனுக்கு ஒரு எண் வந்திருக்கும் மனாங், சொல்லுங்க" என்றார். சொன்னேன், சிரித்துக்கொண்டே. புது வழி, எனக்கும் தெரியும் என்கிற பெருமை. இன்றைக்கு அந்தக் குறுஞ்செய்தியைத் தேடி எடுத்துப் படித்தேன். "அறுபது மாத்திரையும் பெற்றுக்கொண்டீர்கள் என்றால் மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறது. எண் கொட்டை எழுத்தில், மற்றது சின்ன எழுத்தில்.

உப்புப் பொட்டலத்தின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிறவள் நான். என் மகளின் மருந்தைப் பற்றி வந்ததைப் படிக்கவில்லை.

பதினாறு.

அக்டோபர் 6, வெள்ளி

பாசிப்பயறு வேகவைத்துவிட்டு, அச்செடுத்த தாள்களோடு கடைக்குப் போனேன். மிஸ் ஆர்லினிடம் அந்த விதியைக் காட்டினேன். அவள் படிக்கவில்லை, படிக்கத் தேவையில்லாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியானால் தெரிந்தேதான்! கேட்டேன்: "தெரிஞ்சும் ஏன் எழுதல, மிஸ்?"

"போன்ல இருக்கற சீட்டுல எங்க மனாங் எழுதறது?" என்றாள், மெதுவாக.

கில்டோ வந்தார். தாள்களைப் புரட்டினார். "அடேயப்பா, வக்கீலம்மா ஆயிட்டீங்களே. அந்த எண்ணைச் சொன்னது யாரு? நீங்கதானே? உங்க வாயாலதானே சொன்னீங்க? அது கையெழுத்துக்குச் சமம்."

அதுவும் உண்மைதானே.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிட்டாய் கொடுக்கிற மாதிரி சொன்னார்: "இங்க பாருங்க மனாங், நான் கெட்டவன் இல்ல. உங்க பொண்ண எனக்கும் தெரியும். ஒரு தாள் தரேன். 'செப்டம்பர் இருபத்தாறுல அறுபதும் வாங்கிக்கிட்டேன்'னு ஒரு வரி. கையெழுத்துப் போடுங்க. நாற்பத்தாறையும் உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன், வாராவாரம் பதினாலு வந்து வாங்கிக்கங்க. எனக்கும் கணக்கு நேராயிடும், உங்களுக்கும் மருந்து கிடைச்சிடும். யாருக்கு நஷ்டம்?"

"மனோங் பிட்யோங்குக்கும் அப்படியே தருவீங்களா, சார்?"

"அவரு வந்து கேட்கட்டும்."

"நடந்ததை எழுதுங்க, போடறேன். இருபத்தாறுல பதினாலு, இன்னைக்குப் பதினாலு."

"அப்படி எழுதினா நான் தப்பாப் பொத்தான் அமுக்கினேன்னு ஆகும். நல்லாயிருக்கே!"

வந்துவிட்டேன். வீட்டில் சொன்னால் நெமெசியோ கோபப்பட்டார். "ஒரு கையெழுத்து மினியாங்! சாமிக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கு, உன் கையெழுத்தையா பாத்துட்டு இருக்கப் போறார்?"

நான் சொன்னேன்: முதல் தடவை படிக்காமல் ஒப்புக்கொண்டேன், அது முட்டாள்தனம். இரண்டாவது தடவை படித்துவிட்டு ஒப்புக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

ஜெசரில் பயற்றுக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பதினாறாம் தேதி அவள் ஆசிரியர் பயிற்சிக்காக முதல்முறை வகுப்பில் நிற்க வேண்டும். இரண்டாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இருபது மாதமாக அவளுக்கு வலிப்பு இல்லை. கடைசியாக வந்தது படகுத்துறையில், அத்தனை பேர் பார்க்க.

அக்டோபர் 7, சனி

வீடு வீடாகப் போகும் மாதா சிலை இந்த வாரம் மனாங் தெலாய் வீட்டில். ஜெபமாலை முடிந்து ரொட்டியும் காப்பியும் கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஜெபமாலைக்குப் பதிலா இப்ப சட்டத்தை உருட்டறியாமே மினியாங்? எத்தனாவது மணியில மாத்திரை விழும்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தெலாயின் கணவருக்குச் சர்க்கரை. அவளும் சில்லறையாகத்தான் வாங்குகிறாள். வரிசைக்கு வரட்டும், பார்ப்போம்.

இந்த நினைப்புக்காக ஜெபமாலையில் மறுபடி ஒரு பத்து மணி உருட்டினேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து டப்பாவை எண்ணினேன். பதினொன்று இருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தது.

மறுபடி எண்ணினேன். துணியில் கொட்டி, இரண்டிரண்டாக. பதின்மூன்று.

குறைந்தால் திருட்டு. கூடினால்? நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது.

"ஜெசரில், இங்க வா."

வந்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையும் நேத்துக் காலையும் போடல, மா."

"ஏன்டி?"

"நீட்டிக்கலாம்னு. ராத்திரிக்குப் போட்டா போதும்னு நினைச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"டாக்டர் என்ன சொல்லியிருக்கார்? திடீர்னு குறைச்சா—"

"தெரியும் மா! எனக்குத் தெரியாதா? என் உடம்பு. நீ கையெழுத்துப் போட மாட்டே, அப்பா கத்தறார், நான் என்ன செய்யறது? வகுப்புல அந்தக் குழந்தைங்க முன்னாடி விழறதுக்கு இங்கயே எங்கயாவது விழுந்துடலாம்."

மதியம் சாப்பிடும்போது அவள் இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. கரண்டி தட்டில் விழுந்தது. வலிப்பு வரும்முன் அப்படித்தான் துடிக்கும். பிறகு நின்றுவிட்டது. அவள் கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள், எங்களைப் பார்க்காமல்.

ஆண்டவரே, என் நேர்மைக்கு என் மகள் விலை கொடுப்பதா? இதென்ன நேர்மை? யாருக்காக?

நாளைக் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்தானா? ஒரு தாயை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யாரும் எந்தப் பாதிரியார் முன்னாலும் முழங்கால் போடப் போவதில்லை. அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இரவு மாத்திரையை என் கையால் கொடுத்து, விழுங்கும்வரை நின்றேன். பன்னிரண்டு.

அக்டோபர் 9, திங்கள்

நடந்தது நடந்தபடியே.

கடை திறக்கும்போதே போனேன். கில்டோ தாளைத் தயாராக வைத்திருந்தார், ஒரு குறிப்பேட்டுக்குள். "வருவீங்கன்னு தெரியும் மனாங்" என்றார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

பேனாவை எடுத்தேன். தாளில் இரண்டு கோடு இருந்தது. ஒன்றின் கீழே 'பெற்றுக்கொண்டவர்', இன்னொன்றின் கீழே 'வழங்கிய மருந்தாளர்'.

"மிஸ், நீயும் போடு" என்று கில்டோ மேசைப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

மிஸ் ஆர்லின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படித்தாள். முழுதும் படித்தாள், நான் அன்றைக்குப் படிக்காமல் விட்ட மாதிரி விடவில்லை. "நான் அறுபது குடுக்கல, சார்."

"எல்லாம் ஒண்ணுதான். கையெழுத்துப் போடு."

"நான் பதினாலுதான் எண்ணினேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. கத்தினேன், ஆமாம் கத்தினேன்: "இத்தனை நாளா வாயத் தொறக்காம இருந்துட்டு இப்ப நான் தலைய நீட்டும்போது தடுக்கறியா? எம் பொண்ணுக்கு நேத்துக் கை துடிச்சுது! உனக்கு உன் உரிமம், எனக்கு எம் பொண்ணு!"

அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்தது. "எனக்கு முன்னாடியே சொல்லத் தெரிஞ்சிருக்கணும் மனாங். முதல் நாளே. இந்த ஒரு மாசத்துல இருபத்திரண்டு பேர் சீட்டு இப்படி மூடியிருக்கு. ஒவ்வொண்ணும் நான் எண்ணிக் குடுத்தது. சார் அமுக்குவார், நான் பாத்துட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவேன்." பிறகு, "உங்க போனைக் குடுங்க" என்றாள்.

சீட்டைக் கடை அச்சுப்பெட்டியில் அச்செடுத்தாள். மேசையில் வைத்து, முகப்பிலேயே, பேனாவால் எழுதினாள். செப்டம்பர் 26. ரசீது எண். கொடுத்தது 14. மீதி 46. கடையின் பெயர், முகவரி. கையெழுத்து. அதன் கீழே, யாரும் கேட்காமலே, தன் மருந்தாளர் பதிவு எண்.

"இதுதான் மனாங் எழுத வேண்டியது. அன்னைக்கே எழுதியிருக்கணும்."

"அப்ப மாத்திரை?"

அவள் கில்டோவைப் பார்த்தாள். கில்டோ அலமாரிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "மெஷின் ரசீது தராம ஒரு மாத்திரை என் கடையை விட்டு வெளிய போகாது. மருந்தாளரம்மா வேணும்னா சொந்த வீட்டுல கடை வெச்சுக்கட்டும்."

"நாளைக்கு வேலைக்கு வரட்டுமா, சார்?" என்று கேட்டாள் அவள். பணிவாகத்தான் கேட்டாள்.

அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போய்க் காசை எண்ணினார். மருந்தாளர் இல்லாமல் கடையைத் திறக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். அவருக்கும் தெரியும்.

வாசல்வரை என்னோடு வந்தாள்; அவளிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் மனாங், ஒரு மாசம் முன்னாடி" என்றாள்.

கையில் தாள் மட்டும்தான். மாத்திரை இல்லை. பக்கத்து ஊருக்கு மறுபடி போய்த் தாளைக் காட்டினேன். தலையை ஆட்டினார்கள், அனுதாபத்தோடு. அவர்கள் சதுரத்தைத்தான் பார்க்கிறார்கள், எழுத்தை இல்லை. சதுரத்தைத் திறக்க வேண்டிய அதிகாரிகள் இலோயிலோவில் இருக்கிறார்கள்.

பத்து.

அக்டோபர் 10, செவ்வாய்

இலோயிலோவுக்கு முதல் பேருந்தில் ஏறப் போகிறேன். கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன், என் கையால் கொடுத்து, பெற்றதாக முத்திரை வாங்குவேன். முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு. காலை மாத்திரையை ஜெசரில் என் கண் முன்னால் போட்டுக்கொண்டாள். பேருந்துக்கு நெமெசியோதான் கொண்டுவிடுகிறார். வழிச்சோறுகூட அவரே கட்டினார்.

கடிதத்தின் நகல்:

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலக அதிகாரி அவர்களுக்கு,

நான் எர்மினியா சோப்ரெவேகா, குடும்பத் தலைவி. என் மகள் ஜெசரிலுக்கு எழுதப்பட்ட மின்னணுச் சீட்டில் அறுபது மாத்திரை. நான் வாங்கியது பதினாலு. அறுபதும் பெற்றதாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுக்கான எண்ணைப் படிக்காமல் சொன்னது என் தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஏழையின் ஒரு வாரத்தை ஒரு மாதம் என்று எழுதிக்கொள்ளும் கருவி யாருடைய தவறு?

பகுதியாக வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. மீதியைச் சீட்டில் எழுதுவது மருந்தாளரின் பொறுப்பு என்கிறது. சீட்டு போனுக்குள் போய்விட்டதால் அந்த உரிமை எங்களை விட்டுப் போய்விட்டது என்று எந்தப் பக்கத்திலும் நான் காணவில்லை. இருந்தால் பக்க எண்ணைச் சொல்லுங்கள், படிக்கிறேன்.

எங்கள் ஊர்க் கடையில் இப்படி மூடப்பட்டவை இருபத்திரண்டு சீட்டுகள். எண்ணிக் கொடுத்த மருந்தாளரே எண்ணிக்கையைத் தன் கையால் எழுதி, பதிவு எண்ணோடு கையெழுத்திட்ட தாளை இணைத்திருக்கிறேன். அவர் உண்மையை எழுதியதற்காக வேலை இழக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகளின் சீட்டில் மீதியுள்ள நாற்பத்தாறையும், மற்றவர்களின் மீதியையும் திறந்துவிட வேண்டும்.

இதை எழுதும்போது வீட்டில் ஒன்பது மாத்திரை இருக்கிறது. சனிக்கிழமை இரவோடு முடிகிறது. தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் பதில் தாருங்கள்.